‘இங்கு எழுதாதீர்’ என்று எழுதுவது எப்படி?

வீட்டுக்குச் சுற்றுச்சுவர் கட்டியவருக்கு இரண்டு வேலை பாக்கி இருக்கும். அதில் யாராவது எதையாவது எழுத வேண்டும். எழுதாதீர்கள் என்று அவரே எழுத வேண்டும். முதல் வேலையை ஊர் பார்த்துக்கொள்ளும், காசும் கேட்காது. இரண்டாவது வேலைக்கு வினைல் ஸ்டென்சில் என்று ஒன்று இருக்கிறது. அதைக் கையாளும் முறையைத்தான் இங்கே சொல்லித் தரப்போகிறேன். இந்தத் துறையில் எனக்கு மூன்று சுவர் அனுபவம் உண்டு. மூன்றும் ஒரே சுவர்.

ஸ்டென்சில் நமக்குப் புதிதல்ல. தகரத்தில் எழுத்தை வெட்டி, சாமான்மேல் வைத்து, பெயின்டை ஒற்றி எடுப்பது. சாக்கு மூட்டையில், மின்கம்பத்து எண்ணில், சரக்கு ரயிலில், பட்டாளத்துக்காரர் ஊருக்குக் கொண்டுவரும் இரும்புப் பெட்டியில் பார்த்திருப்பீர்கள். அந்த எழுத்துகள் எல்லாம் எலும்பு முறிந்தவை மாதிரி நடுநடுவே விட்டுப்போய் இருக்கும். ஆங்கில ‘ஓ’வைத் தகரத்தில் அப்படியே வெட்டினால் உள்ளே இருக்கும் வட்டம் பிடிமானம் இல்லாமல் கீழே விழுந்துவிடும். விழாமல் இருக்க இரண்டு பக்கமும் ஒரு மெல்லிய பாலம் விட்டு வெட்டுவார்கள். அந்தப் பாலம்தான் முறிவாகத் தெரிகிறது. வினைலுக்குப் பின்னால் பசை இருப்பதால் உள்வட்டம் தன்பாட்டுக்குச் சுவரில் ஒட்டிக்கொண்டு நிற்கும். பாலம் தேவையில்லை, எழுத்து முழுசாக வரும். வினைலின் பெருமை மொத்தமும் இவ்வளவுதான். அந்த உள்வட்டத்தைத் தீவு என்று வைத்துக்கொள்வோம். உங்கள் கஷ்டங்கள் எல்லாம் அங்கேயிருந்துதான் புறப்பட்டு வரும்.

ஆகவே என்ன எழுதப்போகிறீர்கள் என்பதைப் பொருள் பார்த்து முடிவு செய்யாதீர்கள், தீவை எண்ணி முடிவு செய்யுங்கள். ப, ட, ர, ய நான்கும் தங்கமான எழுத்துகள். பெரும்பாலான எழுத்துருக்களில் எங்கேயும் அடைபடாது. க, ச, த, வ, ம, ன, ழ வகையறா எல்லாம் எதையாவது வளைத்துப்போட்டு உள்ளே வைத்துக்கொண்டிருக்கும். ‘பாட்டி’ என்று எழுதிப் பாருங்கள், ஒரு தீவு கிடையாது. ‘தாத்தா’வில் மூன்று. வீட்டிலும் அப்படித்தான் என்கிறாள் என் மனைவி. வீட்டுக்குப் பெயர் வைக்கும்போதே இதை யோசித்துவிடுவது நல்லது. ‘பட்டாபி’ என்றால் ஐந்து நிமிட வேலை. ‘அன்னை இல்லம்’ என்றால் அன்றைக்கு லீவு போட வேண்டும். பெரியார் 1935இல் குடி அரசு இதழில் கையாளத் தொடங்கிய எழுத்துச் சீர்திருத்தம் 1978இல் அரசாணையாகி, ‘லை’, ‘னை’ போன்றவற்றின் யானைத் துதிக்கையை எடுத்துவிட்டது. அச்சுக் கோப்பவர்களுக்கு அது பெரிய விடுதலை. வினைல் வெட்டுகிறவனுக்கோ துதிக்கை போன இடத்தில் ஐகாரக் கொம்பு வந்து, அதில் இரண்டு சுழி, இரண்டு சுழியிலும் தீவு. யாரும் எங்களைக் கேட்கவில்லை.

நான் தேர்ந்தெடுத்த வாசகம் ‘இங்கு விளம்பரம் எழுதாதீர்’. ‘எழுதாதீர்கள்’ என்று மரியாதையாகச் சொல்ல ஆசைதான். ஆனால் ‘கள்’ சேர்த்தால் இரண்டு எழுத்து, இரண்டு தீவு, ஒரு புள்ளி, ஓரடி வினைல். அந்த அளவுக்கு மரியாதை கொடுக்க எனக்கு வசதி இல்லை.

எழுத்தின் உயரத்துக்கு ஒரு கணக்கு உண்டு. 10 அடி தள்ளி நின்று படிக்க 1 அங்குலம் என்பது போர்டு எழுதும் தொழிலில் பழகிய கணக்கு. அது நேர்கோட்டு எழுத்துகளுக்கு. நம் சுழிகளுக்கு அதை இரட்டிப்பது உத்தமம். எங்கள் தெரு 30 அடி. எனவே 6 அங்குலம். 14 எழுத்தும் அந்த உயரத்தில் நின்றால் கிட்டத்தட்ட 9 அடி நீளம் வந்தது. இதை மூன்று துண்டாக வெட்டி வாங்க வேண்டும், வார்த்தைக்கு ஒன்று. நான் ஒரே துண்டாக வாங்கினேன். வரிசை கோணாமல் இருக்குமே என்று.

ஸ்டிக்கர் கடைக்குப் போவதற்கு முன் ஒரு விஷயம். ஸ்டென்சிலுக்கென்றே தனியாக ஒரு வினைல் இருக்கிறது. ஓராமாஸ்க் என்ற பெயரில் நீலமாக, பின்னால் இருப்பது தெரிகிற மாதிரி மெல்லியதாக வரும். அதன் பசை விருந்தாளி மாதிரி, வந்த வேலை முடிந்ததும் கிளம்பிவிடும். நம் கடைகளில் இருப்பது வண்டிக்கு ஒட்டும் வினைல். அதன் பசை குடிவந்தவர் மாதிரி. நான் கேட்டபோது கடைத் தம்பி, “அதெல்லாம் யாரும் கேக்க மாட்டாங்க சார். இதுலயே வெட்டித் தர்றேன், நல்லா புடிக்கும்” என்றான். அவன் சொன்னதில் பொய் இல்லை. நன்றாகவே பிடித்தது.

வாசகத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தேன். அதைப் பார்த்துவிட்டு, “யூனிகோடா? நம்ம கோரல் சாஃப்ட்வேர்ல போட்டா கொம்பு ஒரு பக்கம் போகும், கால் ஒரு பக்கம் போகும். பேப்பர்ல எழுதிக் குடுங்க சார், நம்ம ஃபான்ட்ல அடிச்சுக்கிறேன்” என்றான். தமிழக அரசு 2010இலேயே யூனிகோடை ஏற்றுக்கொண்டாகிவிட்டது. அந்தச் செய்தி இந்தக் கடைக்கு வரும் வழியில் எங்கோ டீ குடித்துக்கொண்டிருக்கிறது. பேப்பரில் எழுதிக் கொடுத்தேன். அவன் ‘விளம்பறம்’ என்று அடித்தான். கையால் எழுதிய பிழையைக் கை நடுக்கம், அவசரம் என்று ஏதாவது சொல்லி மூடிவிடலாம். வெட்டும் மெஷினுக்கு அந்த வசதி கிடையாது. றகரத்தை ஓரம் பிசிறாமல், இதுதான் சரி என்கிற நிச்சயத்தோடு வெட்டித் தரும். எனவே திரையிலேயே, வாய்விட்டு, எழுத்தெழுத்தாகப் படியுங்கள். இடம் மிச்சம் பிடிக்க எழுத்துகளை நெருக்கச் சொல்லாதீர்கள். ஒன்றின்மேல் ஒன்று ஏறிய இடத்தில் இரண்டையும் ஒரே உருவாக இணைக்காமல் விட்டால், கத்தி இரண்டு கோட்டிலும் போகும். ‘ழு’வின் வாலுக்குள் ‘தா’வின் தலை துண்டாகக் கிடக்கும்.

வெட்டிய பிறகு வேண்டாததை உரிக்க வேண்டும். ஸ்டிக்கர் என்றால் எழுத்தை விட்டுவிட்டுச் சுற்றியிருப்பதை உரிப்பார்கள். ஸ்டென்சிலுக்கு நேரெதிர்: சுற்றியிருப்பதை விட்டுவிட்டு எழுத்தை உரிக்க வேண்டும். தம்பியின் கை பத்து வருஷமாக ஸ்டிக்கர் உரித்த கை. நான் போன் பேசி முடிப்பதற்குள் சுற்றியிருந்ததை உரித்துச் சுருட்டிக் குப்பையில் போட்டுவிட்டு, “ரெடி சார்” என்றான். இரண்டாவது துண்டு வெட்ட வேண்டியதாயிற்று. உரிக்காமல் வீட்டுக்கு வாங்கிக்கொண்டு வந்தேன். முதல் துண்டை அவன் இலவசமாகவே தந்தான். ‘இங்கு விளம்பரம் எழுதாதீர்’ என்று 9 அடிக்கு ஒரு ஸ்டிக்கர் என்னிடம் இப்போதும் இருக்கிறது. அதைச் சுவரில் ஒட்டியிருந்தால் எல்லாம் அன்றைக்கே முடிந்திருக்கும் என்று மைத்துனன் சொல்கிறான். கட்டுரைக்கு அது உதவாது.

உரிக்கும் வேலைக்கு ஒரு ஊசி, புருவம் திருத்தும் சாமணம், வீட்டில் பேச்சில்லாத ஓர் இரவு மூன்றும் தேவை. சூத்திரம் எளியது. எழுத்தை எடு, தீவை விடு, புள்ளியை எடு. தீவு வட்டமாக இருக்கும். புள்ளியும் வட்டமாக இருக்கும். அளவும் ஏறக்குறைய ஒன்றுதான். ஒன்று இருக்க வேண்டியது, ஒன்று போக வேண்டியது. இரவு பதினொரு மணிக்கு டியூப்லைட் வெளிச்சத்தில் யார் யார் என்று தெரியாது. என் வாசகத்தில் 15 தீவு, 4 புள்ளி. தவறி வந்துவிட்ட தீவை உடனே பழைய இடத்தில் வைக்க வேண்டும்; கீழே வைத்தால் அது உங்கள் மேல் ஒட்டிக்கொண்டு ஊர் சுற்றப் போய்விடும். ‘ழு’வுக்கு உரிய தீவு மறுநாள் அலுவலகத்தில் என் முழங்கையில் கிடைத்தது. எடுத்த புள்ளிகளை ஒரு தட்டில் போட்டு எண்ணிவிடுங்கள். நான் எண்ணவில்லை. நான்குதானே.

உரித்து முடித்ததும் மேலே ஒரு ஒட்டுத்தாள் ஒட்ட வேண்டும். கடையில் ஆப்ளிகேஷன் டேப் என்பார்கள். எழுத்தின் வடிவமும் தீவுகளும் இருந்த இடத்திலேயே இருக்க, மொத்தமாகச் சுவருக்குக் கொண்டுபோவது இதுதான். இதைத் தவிர்த்து மீட்டருக்குச் சில ரூபாய் மிச்சப்படுத்தலாம். பிறகு 15 தீவுகளையும் ஒவ்வொன்றாகச் சுவரில் குத்துமதிப்பாக வைக்கலாம். உங்கள் ‘ம’ ஒற்றைக் கண்ணால் மேலே பார்க்கும்.

இனி சுவர். எல்லோரும் எழுத்தைப் பற்றியே கவலைப்படுகிறார்கள். வேலையில் முக்கால்வாசி சுவர்தான். உள்ளங்கையை அழுத்தித் தேயுங்கள். வெள்ளை மாவு ஒட்டினால் அந்தச் சுவரில் எதுவும் நிற்காது. மாவு வரவில்லையென்றால் ஒரு துண்டு மாஸ்கிங் டேப்பை ஒட்டி வெடுக்கென்று இழுங்கள். டேப்போடு பெயின்ட் வந்தால் நாளைக்கு வினைலோடும் வரும். சிமென்ட் பூசிய புதுச் சுவர் என்றால் குறைந்தது ஒரு மாதம் காய வேண்டும். ஈரச் சிமென்டின் காரம் எனாமல் பெயின்டில் உள்ள எண்ணெயைச் சோப்பாக்கிவிடும். கேலி இல்லை, எண்ணெயும் காரமும் சேர்த்துச் சோப்புக் காய்ச்சும் அதே ரசாயனம்தான். உங்கள் வீட்டுப் பெயர் பிசுபிசுவென்று வழிந்து வரும்.

முதல் முறை இந்தச் சோதனை எதையும் செய்யாமல் பழைய டிஸ்டெம்பர் சுவரில், குடிவந்தவர் பசை கொண்ட வினைலை ஒட்டி, பெயின்ட் அடித்து, மார்தட்டிக்கொண்டு உரித்தேன். வினைல் மட்டும் வரவில்லை. எழுத்தைச் சுற்றியிருந்த டிஸ்டெம்பர், அதற்கு முந்தைய டிஸ்டெம்பர், வீடு கட்டியபோது அடித்த சுண்ணாம்பு எல்லாம் வரிசையாக வந்தன. எழுத்து இருந்தது, சுவர் இல்லை. தெருவில் போனவர்கள் நின்று படித்தார்கள். விளம்பரமாக அது வெற்றிதான்.

வேறு பரப்புகளைப் பற்றி இரண்டு வார்த்தை. மாடியில் இருக்கும் பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டியில் எழுதாதீர்கள். பாலிஎதிலீனில் சாதாரணப் பெயின்ட் எதுவும் பிடிக்காது, வெயிலில் தோல் உரிவது மாதிரி உரியும். பளபளப்பான கிரானைட்டில் வினைல் பிரமாதமாக ஒட்டும், பெயின்ட்தான் ஒட்டாது. இரும்பு கேட் நல்ல பரப்பு, துருவைச் சுரண்டி ரெட் ஆக்ஸைடு அடித்திருந்தால். ஆனால் கத்திரி வெயிலில் மதியம் இரண்டு மணிக்கு வேண்டாம். திருச்சி வெயிலில் காய்ந்த கேட்டின்மேல் வினைல் அப்பள மாவு மாதிரி குழைந்து நீளும்; நீங்கள் தொட்டால் நீங்களும்.

இரண்டாவது முறைக்கு நான் தேர்ந்தெடுத்த மாதம் ஆடி. அம்மியைத் தூக்கும் காற்றுக்கு 9 அடி வினைல் எம்மாத்திரம். ஒரு முனையை நான் பிடிக்க, மறு முனையை மைத்துனன் பிடிக்க, பின்தாளை உரித்தோம். பசைப்பக்கம் முழுக்கத் திறந்த அந்த நிமிஷம் காற்று வந்தது.

“மாமா, விடாதீங்க!”

“நீ விடாதடா!”

இருவரும் விடவில்லை. வினைலும் விடவில்லை. ‘இங்கு விளம்பரம்’ அவன் முதுகில், ‘எழுதாதீர்’ என் தோளில். வினைல் தன்மேல் தானே ஒட்டிக்கொண்டால் பிரிக்க முடியாது. பிரிக்கப் பார்த்தால் மிட்டாய் மாதிரி இழுபடும். சட்டையைக் கழற்றிவிட்டுப் புதிதாக வெட்டி வாங்கிவந்தோம், இந்தத் தடவை வார்த்தைக்கு ஒன்றாக. பின்தாளை ஒரேயடியாக உரிக்கக் கூடாது. மேலே இரண்டு அங்குலம் மட்டும் உரித்துச் சுவரில் பிடிக்கவைத்து, பிறகு ஒரு கையால் தாளைக் கீழே இழுத்துக்கொண்டே இன்னொரு கையால் துணி சுற்றிய அட்டையால் அழுத்திக்கொண்டு வர வேண்டும். சொரசொரப்பான சுவர் என்றால் ஹேர் டிரையரால் லேசாகச் சூடு காட்டினால் வினைல் மேடுபள்ளத்தில் படிந்து உட்காரும். காலை ஏழு மணிக்கு ஆரம்பித்து ஒன்பதுக்குள் முடித்துவிடுங்கள். பனியும் போயிருக்கும், வெயிலும் வந்திருக்காது, அறிவுரை சொல்கிறவர்களும் காபி குடித்துக்கொண்டிருப்பார்கள்.

மேலே ஒட்டிய ஒட்டுத்தாளை மட்டும் மெதுவாக உரித்துவிட்டால், இப்போது பெயின்ட். பிரஷ்ஷை முக்கி இழுத்து இழுத்து அடித்தால் பெயின்ட் வினைலின் ஓரத்துக்கு அடியில் புகுந்துகொள்ளும். உரித்ததும் எழுத்தின் விளிம்பெல்லாம் கம்பளிப்பூச்சி. ஸ்பாஞ்சில் தொட்டு, பழைய காகிதத்தில் முக்கால்வாசியைத் துடைத்துவிட்டு, மிச்சத்தைக் குத்திக் குத்தி ஒற்ற வேண்டும். ஒரு கோட் மட்டும் அடித்தால் சுவர் தெரியும். தெரியட்டும், காய்ந்ததும் இன்னொன்று. இதைவிட நல்ல உபாயம் ஒன்று உண்டு, அதை இங்கே நான் ஒளிக்கப்போவதில்லை. எழுத்து நிறத்தை அடிப்பதற்கு முன், சுவரின் நிறத்தையே ஸ்டென்சில்மேல் ஒரு மெல்லிய கோட் அடித்துவிடுங்கள். கசிய வேண்டியது அது கசிந்து ஓரத்தை அடைத்துவிடும்; சுவர் நிறத்தில் சுவர் நிறம் கசிந்தால் யார் கண்டுபிடிப்பது? அதற்குமேல் கறுப்பை அடித்தால் கத்தியால் கீறியது போல் விளிம்பு வரும்.

அதற்குச் சுவரின் பெயின்ட் வேண்டும். பரணில் தேடினால் டப்பா இருக்கும், உள்ளே ரப்பர் தகடு இருக்கும். டப்பாமேல் உள்ள எண்ணைக் காட்டிப் புதிதாகக் கலந்து வாங்கினால், அது சுவரின் நிறம் அல்ல, சுவரின் இளமைக்கால நிறம். மூன்று வருஷ வெயில் பட்ட சுவரில் அது தனியாகத் தெரியும். சுவர் விளம்பரக்காரர்கள் முதலில் ஒரு வெள்ளைப் பட்டை அடித்து, நூல் போட்டு, அதற்குள் எழுதுவதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். வீண் செலவு என்று நினைத்திருந்தேன். அவர்கள் பாட்டுக்கு ஒரு சுவரைக் கட்டிக்கொண்டு அதில் எழுதுகிறார்கள் என்பது இரண்டு தடவை தோற்ற பிறகுதான் விளங்கியது.

இரண்டாவது முறை தோற்றது உரித்ததில். பெயின்ட் நன்றாகக் காயட்டும் என்று விட்டுவிட்டுச் சாப்பிட்டேன், தூங்கினேன், மறுநாள் காலை உரித்தேன். சுவரின்மேல் இருந்த பெயின்டும் வினைலின்மேல் இருந்த பெயின்டும் அதற்குள் ஒரே தோலாகிவிட்டிருந்தன. வினைல் வரும்போது எழுத்தின் ஓரத்தைக் கடித்துக்கொண்டு வந்தது. விரலால் தொட்டால் ஒட்டாது, ஆனால் அழுத்தினால் பதியும் என்ற பதத்தில் உரிக்க வேண்டும். பாகுப் பதம் தெரிந்தவர்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. வீட்டில் மைசூர்பாகு கிண்டுகிறவரை அழைத்து வந்து விரல் வைக்கச் சொல்லுங்கள். உரிப்பதும் வெடுக்கென்று அல்ல. வினைலை அதன் முதுகின்மேலேயே மடித்து, சுவரை ஒட்டினாற்போல் மெதுவாக இழுக்க வேண்டும். தீவுகளை ஊசியால் நெம்பிக் கடைசியில் எடுங்கள். அவை அவ்வளவு தூரம் உங்களோடு வந்திருக்கின்றன, கொஞ்சம் மரியாதை காட்டலாம்.

நிறத்தைப் பற்றி ஒன்று. எச்சரிக்கை என்றால் சிவப்பு என்று கை தானாகப் போகும். கடையில் கிடைக்கும் பளிச்சென்ற சிவப்பு நம் வெயிலில் வெளுத்து ரோஜா நிறமாகிவிடும். தடை என்று எழுதியது நாளடைவில் வேண்டுகோளாக, பிறகு கெஞ்சலாகத் தெரியும். கறுப்பு நிற்கும். கோயில் மதிலில் அடிக்கும் காவியும் நிற்கும், அது இரும்புத் துருவின் நிறம். கறுப்பு எடுத்தேன்.

மூன்றாவது முறை எல்லாம் செய்தேன். சுவரைச் சுரண்டி, பிரைமர் அடித்து, 12 அடிக்கு வெள்ளைப் பட்டை போட்டு, நூல் பிடித்து, மூன்று துண்டாக ஒட்டி, வெள்ளையால் ஓரம் அடைத்து, கறுப்பை ஒற்றி, மனைவியின் விரலால் பதம் பார்த்து உரித்தேன். அச்சடித்த மாதிரி வந்தது. எதிர் வீட்டுக்காரர் வந்து தடவிப் பார்த்துவிட்டு, ஆளை வைத்து எழுதினீர்களா என்று கேட்டார். அன்று இரவு இரண்டு தடவை எழுந்து வெளியே போய்ப் பார்த்தேன்.

சுவர்களை விகாரப்படுத்துவதைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 1959லேயே சட்டம் வந்துவிட்டது. தேர்தலுக்குத் தேர்தல் சுவர்களில் ‘ஆல் சைடு’ என்று கட்சிப் பெயரோடு எழுதி இடம் பிடிப்பவர்களுக்கும், அதற்குப் பக்கத்தில் மூல நோய்க்கு வைத்தியம் எழுதுகிறவர்களுக்கும் அது தெரியும். ஆகவே நான்காம் நாள் காலை கேட்டுக்கு வெளியே ஒரு சைக்கிள் நின்றதும், கேரியரில் இரண்டு டப்பாவும் ஒரு கட்டுப் பிரஷ்ஷும் இருந்ததும் எனக்குப் பெரிய ஆச்சரியம் இல்லை. சைக்கிள்காரருக்கு அறுபது வயது இருக்கும். சுவரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“படிச்சீங்களா?” என்றேன்.

“படிச்சேன் சார். நல்ல வேலை. ஒயிட் கோட் யாரு அடிச்சது? பிரைமர் போட்ருக்கீங்கபோல. இப்பெல்லாம் யாரு சார் இப்படிப் பண்றாங்க.” கழுத்தைச் சாய்த்து இன்னொரு தடவை கடைசி வரை படித்தார். “ஒரு புள்ளி விட்டுப்போச்சு சார்.”

பார்த்தேன். ‘இங்கு விளம்பரம் எழுதாதீர’.

உள்ளே போய் மிச்ச வினைல் கட்டை எடுத்து, ஊசி தேடி, ஒரு புள்ளி வெட்ட எவ்வளவு நேரமாகும் என்று நான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தபோது, அவர் டப்பாவைத் திறந்து, பிரஷ் நுனியைக் கறுப்பில் தொட்டு, விளிம்பில் ஒரு தடவை துடைத்து, கையை எங்கும் ஊன்றாமல் ‘ர’வின் தலைமேல் ஒரு சுழற்று சுழற்றினார். மற்ற மூன்று புள்ளிக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியவில்லை.

“எவ்வளவு தரணும்?” என்றேன்.

“அட, ஒரு புள்ளிக்கா?” என்று சிரித்துவிட்டு, பட்டையின் வலது ஓரத்தில் மிச்சமிருந்த மூன்றடி வெள்ளையில் நூலை நீட்டினார். “அந்த முனைய கொஞ்சம் புடிங்க சார், கோணாம இருக்கும்.”

பிடித்தேன்.